கிளாடிஸ் நீட்டாத கால்

எங்கள் அணியில் ஆடிய செல்வி போன் செய்தபோது நான் ஆபீஸில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். "கலா, கிளாடிஸ் பூட்டாமே. எர்ணாவூர்ல லாரி ஏறிடுச்சு" என்றாள். நான் போய்ச் சேர்ந்தபோது கிளாடிஸை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருந்தார்கள். மணலியிலிருந்து வந்த டேங்கர் லாரி. முன்கண்ணாடியை ஜனங்கள் அடித்து நொறுக்கியிருந்தார்கள். டிரைவரை இழுத்துப் போட்டு உதைத்ததில் அவனுக்கும் மண்டை உடைந்து, அதே ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவள் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு, கால் ஊன்றி, போனில் பேசிக்கொண்டிருந்தாளாம். சாலையில் யாரோடும் சண்டைகூட இல்லை. இவள் அடிதடியில்தான் போவாள் என்று நாம் எல்லோரும் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறோம்.

அவளோடு ஆடியவர்களுக்கு அவள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ராயபுரத்துப் பெண். கண்டெய்னர் யார்டில் கேட் வேலை. எங்கள் பெண்கள் கால்பந்து அணியின் கேப்டன், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கும் ஸ்டாப்பர். நான் கோல்கீப்பர். அவள் முதுகுக்குப் பின்னால் நின்றே என் ஆட்டக் காலம் முழுதும் கழிந்தது. "என் பக்கமா வர்றவ வூட்டுக்கு நொண்டிக்கினுதான் போவணும்" என்பாள். விளையாட்டுக்குச் சொன்னது அல்ல. பயிற்சி ஆட்டத்திலேயே நம் பெண்கள் பலர் நொண்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அவளை நான் முழுதாகப் பார்த்தது செல்வியின் அண்ணன் மைதானத்துக்கு வந்த அன்று. செல்வியை அரைக்கால் டிரவுசரில் யாரோ பார்த்துவிட்டு அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். கையில் பைக் செயினோடு வந்தவன், பெனால்டி பாக்ஸுக்குள்ளேயே செல்வியின் முடியைப் பிடித்துவிட்டான். பயிற்சியாளர் ஜேம்ஸ் சார் "தம்பி, தம்பி" என்று தள்ளியே நின்றார். கிளாடிஸ் நடந்து போய், "அவ ஆடிட்டுத்தான் வருவா. நீ போய்க்கினே இரு" என்றாள். அவன் செயினை வீசினான். அது அவள் முன்கையில் சுற்றிச் சதையைக் கிழித்தது. அவள் கையை உதறவில்லை. சுற்றிய செயினோடு அவனைத் தன் பக்கம் இழுத்து, நெற்றியால் மூக்கில் முட்டினாள். அவன் ரத்தத்தோடு மண்ணில் உட்கார்ந்த பிறகு செல்வியைப் பார்த்து, "இன்னாமே நிக்கிற, கார்னர் போடு" என்றாள். அன்றைக்குப் பயிற்சி முழுதும் நடந்தது. தையல் அதற்கப்புறம்தான்.

தேசியக் கோப்பைக்கு நாங்கள் போன வருஷம் எங்களை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. லீக் சுற்றில் கோல் வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்தோம். காலிறுதி, போட்டி நடத்திய ஊரின் அணியோடு. நாங்கள் ஒரு கோல் போட்டதும் கேலரியிலிருந்து பாட்டில்கள் வந்தன, பிறகு கற்கள். ஒரு கல் என் முதுகில் பட்டு மூச்சு நின்றுவிட்டது. கிளாடிஸ் அந்தக் கல்லை எடுத்துக்கொண்டு வேலிவரை நடந்தாள். "எவன்டா அது? எறங்கி வா" என்று தமிழிலேயே கேட்டாள். மொழி தெரியாதவர்களுக்கும் புரிந்தது. யாரும் இறங்கவில்லை. அடுத்த கார்னரில் அவர்களுடைய ஆட்டக்காரி ஒருத்தியின் முழங்கை இவள் வாயில் இறங்கியது. முன்பல் இரண்டு போயின. கோட்டுக்கு வெளியே துப்பிவிட்டு வந்து நின்றாள். ஆட்டம் முடிவதற்குள் அந்தப் பெண்ணை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். ரெஃப்ரி பார்க்கவில்லை. நான் பார்த்தேன். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

இறுதியில் எங்களை எதிர்கொள்ளப் போகிற அணியின் அரையிறுதியைக் கேலரியில் உட்கார்ந்து பார்த்தோம். வடகிழக்கு மலைப் பெண்கள். காலிறுதியில் ஐந்து கோல், அன்று நான்கு. பந்து ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஒருத்தி முட்டியில்கூட பிளாஸ்திரி இல்லை. வீங்கிய வாயோடு கிளாடிஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவளுங்க இன்னா, கல்யாணத்துக்கு வந்த மாதிரி கீறாளுங்க" என்றாள்.

அன்று மாலையே எங்கள் அரையிறுதி. மேற்கு மாநிலத்து அணி. அவர்களுடைய ஃபார்வர்டு சுனிதா என்ற சின்னப் பெண், கிளாடிஸை இரண்டு முறை ஏமாற்றிவிட்டுப் போனாள். மூன்றாவது முறை கிளாடிஸ் இரண்டு காலையும் நீட்டிச் சறுக்கினாள். பந்தும் நகர்ந்தது. கூடவே ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த விறகை முட்டியில் வைத்து முறிக்கிற சத்தம். சுனிதாவின் கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. அடுத்த நிமிஷம் அவர்களுடைய மொத்த அணியும் கிளாடிஸ் மேல் விழுந்தது. முடியைப் பிடித்தார்கள், குத்தினார்கள், பூட்ஸோடு மிதித்தார்கள். விலக்கப் போன என் உதடும் கிழிந்தது. கிளாடிஸ் ஒரு அடியையும் தடுக்கவில்லை. ரெஃப்ரி மஞ்சள் அட்டைதான் காட்டினார். செல்வி தலையால் முட்டிப் போட்ட கோலில் ஜெயித்தோம்.

மறுநாள் ஓய்வு. காலையில் கிளாடிஸ் என் கட்டிலருகே வந்து, "கலா, கூட வா. ஒனக்கு இந்தி தெரியும்ல" என்றாள். எங்கே என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில்தான் எனக்குப் புரிந்தது.

சுனிதாவின் அம்மா மகளுடைய ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தவர். எங்கள் ஜெர்சியைப் பார்த்ததும் எழுந்து வந்து கிளாடிஸை அறைந்தார். மறுபடி அறைந்தார். கிளாடிஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பல் போன இடத்திலிருந்து ரத்தம் திரும்பவும் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. கட்டிலிலிருந்து சுனிதா ஏதோ சொல்ல, அம்மா நிறுத்தினார். பிறகு சுனிதா இந்தியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "நீ பந்துக்கு வந்தாயா, என் காலுக்கு வந்தாயா?"

நான் அதைத் தமிழில் சொன்னேன். கிளாடிஸ் சுனிதா காலின் மாவுக்கட்டையே பார்த்தாள்.

"காலுக்குத்தான் வந்தேன்னு சொல்லு."

"வேணாம் கிளாடிஸ்."

"அப்டியே சொல்லுமே."

சொன்னேன். சுனிதா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மன்னிப்பு எதுவும் கிடைக்கவில்லை. கிளாடிஸ் அதைக் கேட்கவும் இல்லை. திரும்பும் வழியில் ஒரு குழாயடியில் வாயைக் கொப்பளித்தாள்.

இறுதி ஆட்டம் உங்களில் பலர் டிவியில் பார்த்ததுதான். ஆளுக்கு ஒரு கோல். கடைசி நிமிஷங்களில் அவர்களுடைய ஃபார்வர்டு நடுக்கோட்டிலிருந்து தனியாக வந்தாள். பின்னால் கிளாடிஸ், ஒரு சறுக்கல் தூரத்தில். "காலப் போடு கிளாடிஸ், போடு" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். அவள் போடவில்லை. கூடவே ஓடிவந்தாள், அவ்வளவுதான். பந்து என் இடக்கையைத் தாண்டி வலைக்குள் போனது.

உடைமாற்றும் அறையில் செல்வி பூட்ஸைக் கழற்றி வீசினாள். அது கிளாடிஸின் புருவத்தைப் பிளந்தது. "பயந்துட்டியா?" என்று ஜேம்ஸ் சார் கேட்டார். "ஆமா சார்" என்றாள். ரத்தத்தைத் துடைக்கக்கூட இல்லை. ஊர் திரும்பும் ரயிலில், கதவருகே, நான் மட்டும் இன்னொரு முறை கேட்டேன். "கால தூக்கினேன் கலா. அந்தச் சத்தம் வந்துச்சு. எறக்கிட்டேன்" என்றாள்.

கேப்டன் பதவி போயிற்று. அடுத்த இரண்டு சீசன் ஆடினாள். யாரும் அவளைப் பார்த்துப் பயப்படவில்லை. நம்மிலேயே சிலர் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அவள் சாதுவாகிவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். யார்டில் தன் தோளில் கை வைத்த ஒருவனின் தாடையைக் கழற்றிவிட்டு வேலையிலிருந்து ஒரு மாதம் நிறுத்தப்பட்டவள்தான். மைதானத்தில் மட்டும், பந்து இல்லாத பக்கம் அவள் கால் போகவில்லை.

கல்லறையில் மண் போட்டுவிட்டு வரும்போது செல்வி என் தோளில் சாய்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே, "அன்னிக்குக் காலு போட்டிருந்தா கோப்பை நம்மளுது" என்றாள். சரிதான். நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் கடைசி ஓட்டத்தில் செல்வியும் மற்றவர்களும் பார்த்தது கிளாடிஸின் முதுகை. அவள் என்னை நோக்கி ஓடிவந்தாள். முகத்தைப் பார்த்தது நான் மட்டும். பயந்த முகம் எனக்குத் தெரியும். எதிரே வருகிறவர்களின் முகத்தில் அதைத் தேடுவதுதான் கோல்கீப்பரின் வேலை. அது பயந்த முகம் இல்லை. கழுத்து நரம்பு புடைக்க, கிழிந்த வாயை இறுக்கி மூடி, தன் பலம் மொத்தத்தையும் கொண்டு தன் காலையே பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தாள். அவ்வளவு மூர்க்கமாக அவள் யாரோடும் மோதி நான் பார்த்ததில்லை. அந்த முகம்தான் என்னிடம் இருக்கிறது.