சிவந்தும் பழுக்காத குலை

மூன்று வருடங்களுக்கு முன் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்த்தேன். கணினிக்குக் கற்றுக்கொடுப்பதற்காக, பல ஊர்க்காரர்கள் வீட்டிலிருந்தே கைப்பேசியில் நாங்கள் அனுப்பும் படங்களைப் பார்த்து, அதில் இருப்பது என்ன என்று பதில் சொல்வார்கள். அவர்களை நம்பலாமா கூடாதா என்று மதிப்பெண் போடுவது என் பொறுப்பு. எங்களுக்கு விடை தெரிந்த சில படங்களை நடுவே ஒளித்து வைப்போம். அதில் ஐந்து தப்பானால் ஆள் நீக்கம். நான் ரொம்பக் கறார் என்று பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த மாதம், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளின் படங்கள். பழுத்ததா, பழுக்காததா என்று சொன்னால் போதும். நான் 'பழுத்தது' என்று விடை வைத்திருந்த சிவந்த குலைகளை, காப்பார் என்ற ஊரிலிருந்து ஒருவர் 'பழுக்காதது' என்றே குறித்துக்கொண்டிருந்தார். நான்கு தப்பு. படத்தைப் பார்க்காமலே தட்டிவிடுகிறார் என்று முடிவு கட்டி, என் கைப்பேசி எண்ணோடு ஓர் எச்சரிக்கை அனுப்பினேன்.

உடனே அழைத்துவிட்டார்.

"அக்கா, பன்னண்டு வருஷம் பழம் வெட்டுனவன் நான். விழுந்து இடுப்பு போச்சு. உக்காந்து செய்ய இந்த வேலை ஒண்ணுதான் இருக்கு, தூக்கிடாதீங்கக்கா." கெஞ்சினார். ஆனாலும் விடவில்லை. "ஆனா அது காய்தான். நேர்ல வந்து பாருங்க லா."

அந்த வாரம் கிள்ளானில் ஒரு கல்யாணம். முடிந்த கையோடு, பட்டுப் புடவையோடு பக்கத்திலிருக்கும் காப்பாருக்குப் போனேன். அவர் தப்பை அவர் முன்னாலேயே நிரூபிக்கிற வீறாப்பு, வேறென்ன.

என் வயதுதான் இருக்கும். கைத்தடி ஊன்றி மெதுவாக வீட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனார். ஒரு குட்டை மரத்தில் குலை செக்கச் சிவந்திருந்தது.

"கலரைப் பாக்காதீங்க. கீழ பழம் உதிர்ந்திருக்கா?"

ஒன்றுகூட இல்லை. பக்கத்து மரத்தடியில் பத்துப் பதினைந்து பழங்கள் சிதறிக் கிடந்தன. அந்தப் பக்கத்து மரத்துக் குலையில் பழம் கழன்ற குழிகளில் என்னை விரல் வைத்துப் பார்க்கச் சொன்னார். "இதான்க்கா பழுத்தது."

நான் 'பழுத்தது' என்று வைத்திருந்த படங்களில் அப்படி ஒரு குழிகூட இல்லை. இணையத்தில் நாலு படம் பார்த்து விடை எழுதியவள் நான். வெட்கம் பிடுங்கித் தின்றது. மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா, டவுன்ல உங்களுக்கு யாரு சொல்லப் போறா" என்று சிரித்தவர், என் புடவையில் ஒட்டிய சேற்றைப் பார்த்து அவர்தான் சங்கடப்பட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை விடைகளைத் திருத்தினேன். அவர் பெயர் மதிப்பெண் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அப்போதுதான் பார்த்தேன், அதே படங்களுக்காக நான் ஏற்கெனவே மூன்று பேரை நீக்கியிருந்தேன். மூவருக்கும் எழுதினேன். இருவர் திரும்பி வந்தார்கள். மூன்றாமவர் இன்றுவரை பதில் போடவில்லை; யாருக்காவது தப்பு என்று குறிக்கக் கை போகும்போதெல்லாம், முகம் தெரியாத அவரை நினைத்துக்கொண்டு முதலில் என் விடையைத்தான் சரிபார்க்கிறேன்.