துத்தம் கலந்த பசை

காகிதமும் பென்சிலும் கையில் கிடைக்காவிட்டால் அக்காவுக்குத் தானாகவே குணமாகிவிடும் என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட கம்யூனிஸ்டுகளின் உடல்களைக் காவல் நிலைய வாசலில் கிடத்தியிருந்த நாளில் அவள் அவ்வழியே வந்தாள். அப்போது ஏதோ ஒன்று அவளைப் பிடித்துக்கொண்டது, அது அவளுடைய விரல்களின் வழியே தீனி கேட்கிறது என்றாள் அம்மா. அப்பா அவ்வளவு தூரம் போகவில்லை. ஒரே சொல்லில் முடித்துவிடுவார்: பைத்தியம்.

அது வெள்ளைக்காரர்கள் ஆண்ட மலாயாவின் அவசரகாலம். கோலா சாவாவுக்கு அருகிலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை ஒன்றுசேர்த்துச் சுற்றிலும் முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்பதால், வேலிக்கு வெளியே ஒரு கவளம் சோறுகூடக் கொண்டுபோக முடியாது. அக்காவும் நானும் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்க, போய்வந்தோம்.

அக்காவுக்குத் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். கூரைமேல் யாரோ நடப்பதாகச் சொல்லிச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிடுவாள். இதற்கெல்லாம் பெயர்கள் உண்டு என்பதைப் பிற்காலத்தில் நூல்களில் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று எங்களிடம் அந்தச் சொற்கள் இல்லை. அவளிடம் ஒரு வழி மட்டும் இருந்தது. பயந்ததை வரைவாள், படத்தின் கீழே பாட்டு எழுதுவாள், மெட்டும் அவளுடையதே. பக்கங்களை ஒட்டிச் சிறு புத்தகமாக்கி, அதையே கையால் பல பிரதிகள் எடுத்து, கடைசிப் பக்கத்தில் ‘எழுதி, வரைந்து, வெளியிட்டவர்’ என்று தன் பெயரைப் போடுவாள். சம்பள நாள் மாலையில் கோயிலுக்கு முன்னால் நின்று, பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டிப் பாடுவாள்.

“வேலியத் தாண்ட நமக்கே பாஸு வேணும், இவ என்னமோ வெளியிடுறாளாம்லா!” என்று பக்கத்து வீட்டு அத்தை ஒருநாள் கூட்டத்தைச் சிரிக்கவைத்தாள். அக்காவும் சிரித்தாள். கூட்டம் கலைந்த பிறகு அத்தையே வந்து, “எனக்கு ஒண்ணு குடுடி, அந்த விளக்குப் படம் போட்டது” என்று வாங்கிக்கொண்டு போனாள்.

அப்பா காகிதங்களை ஒளித்துவைக்கத் தொடங்கியதும் அக்கா தன் வேலையை ரப்பர் காட்டுக்கு மாற்றிக்கொண்டாள். மரம் வெட்டி முடித்துப் பால் வடியக் காத்திருக்கும் நேரம் அவளுக்குப் போதும். மரவள்ளி மாவில் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க நஞ்சான மயில்துத்தம் கலந்து, ஒரு பழைய சிகரெட் டின்னில் எடுத்துவருவாள். அந்த டின்னில் இருப்பது மாவு, வேலியைத் தாண்டக்கூடாத உணவு என்பது எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை.

பெண்களைச் சோதிப்பதற்கென்று வேலி வாசலில் ஓர் அம்மாளை வைத்திருந்தார்கள். ஒரு காலையில் அவள் டின்னைத் திறந்தாள்.

“என்னடி இது, கஞ்சியா?”

“பசைக்கா. படம் ஒட்ட.”

“யாருக்குடி கொண்டு போற? உண்மையச் சொல்லு.”

“சாப்பிட முடியாதுக்கா, துத்தம் போட்டிருக்கேன். நீலமா இருக்கு பாருங்க.”

விடியாத வெளிச்சத்தில் நீலம் யாருக்கும் தெரியவில்லை. பின்னால் நின்ற நான் வாளியை இறுகப் பிடித்துக்கொண்டேன். வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரியை அழைத்தார்கள். அக்காவின் பையிலிருந்த புத்தகங்கள் மேசைமேல் பரப்பப்பட்டன: வேலி, காவல் விளக்கு, இமைகள் முளைத்த இன்னொரு விளக்கு. பாட்டுகளைத் தோட்ட அலுவலக எழுத்தரான கிராணி மொழிபெயர்த்துச் சொன்னார். ஒரு வட்டத்தைக் காட்டி இது எந்த இடம் என்று அதிகாரி கேட்டார்.

“அது என் நெஞ்சு” என்றாள் அக்கா.

அதிகாரி அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை.

அப்பாவை வரவழைத்தார்கள். எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவர் காதருகில் குனிந்து, “அண்ணே, பைத்தியம்னு சொல்லிடுங்கலா. ஆஸ்பத்திரியோட போயிடும். இல்லாட்டி கம்பி, அப்புறம் கப்பல்” என்றார். தோட்டத்துக் குடும்பங்கள் சில அவ்வாறு இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டதை நாங்கள் அறிவோம்.

கிராணி கேட்டார்: “ஒம் மகளுக்குப் புத்தி சரியா இருக்கான்னு தொரை கேக்குறாரு.”

வீட்டில் நாள்தோறும் சொன்ன சொல்தான். அப்பா அக்காவைப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை.

“சரியாத்தான் இருக்குங்கய்யா” என்றார் அப்பா. “பயம் ஜாஸ்தி. புத்தகம் போடுறவ அவ. அது பசை.”

அவளை லாரியில் ஏற்றி விசாரணைக்காகச் சிரம்பான் நகருக்குக் கொண்டுபோனார்கள்.

அடுத்து வந்த நாட்களில் அம்மா அப்பாவுக்குச் சோறு போட்டாள். ஒவ்வொரு லாரிச் சத்தத்துக்கும் எழுந்து வாசலுக்குப் போனாள். கடைசியில் வெடித்தாள்: “ஒரு வார்த்தை. எத்தனை தடவ சொன்ன வார்த்தை அது! அன்னைக்கு மட்டும் வாயில வரலையா ஒனக்கு?”

“நான் சொல்லியிருந்தா அவ அத நம்பியிருப்பா” என்றார் அப்பா. அவர் செய்தது சரிதானா என்பது அவருக்கே தெரியவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவ மறந்து அதிலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் படுத்தபடி கூரையில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று கவனிக்கத் தொடங்கியிருந்தேன்.

பசையில் துத்தம் இருப்பது உறுதியான பிறகு அவளை விட்டுவிட்டார்கள். புத்தகங்களைத் திருப்பித் தரவில்லை. காய்கறி லாரியின் முன்னிருக்கையில், மெலிந்து, யாரையும் நிமிர்ந்து பாராமல் வந்து இறங்கினாள். பயம் முன்பைவிட மோசமாயிற்று. நெடுநாள் அவள் எதையும் வரையவில்லை; கதவுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டாள். அப்பாவின் சொல் அவளைக் குணப்படுத்தியது என்று நான் எழுதினால் அது பொய்யாகும். ஆனால் ஒருநாள், வேலை முடிந்து வந்ததும் அவரிடம் நேராகக் கேட்டாள்: “அன்னைக்கு அப்படிச் சொன்னீங்களேப்பா, மெய்யாவா?”

“பின்ன?” என்றார் அவர்.

அதற்குப் பிறகு அவள் வெளியிட்ட புத்தகங்கள் ஓர் அலமாரியை நிறைக்கும். சிலவற்றை அச்சகத்தில் கொடுத்து அடித்தோம். பெரும்பாலானவை அவள் கைப்பிரதிகளே. பயம் வரும் நாட்களில் இன்றும் அவள் எதையும் தொடுவதில்லை. நான் அருகில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பேன். அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். அந்த லயம் இருந்த இடத்தில் எண்ணெய்க்காக நட்ட செம்பனை நிற்கிறது. சிரம்பான் வீட்டில் அக்காவும் நானும் இருக்கிறோம்.