மனைவிக்காக நான் சொன்ன விடைகள்

என் மனைவியை அவளுடைய மருத்துவரோடு ஒரு வார்த்தை பேச நான் விடவில்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

பெற்றோல் கிடைக்காத காலத்தில் உடுப்பிட்டியிலிருந்து கிளினிக்குக்குப் போய்வருவது பெரும்பாடாக இருந்தது. கனடாவில் இருக்கும் மகன், கொழும்பில் ஒரு பெண் மருத்துவரை ஒழுங்குசெய்தான். மாதம் ஒருமுறை கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசலாம். மருத்துவர் எங்கள் பகுதிப் பெண்தான். இடையில் நின்று மொழிபெயர்க்க ஆள் தேவையில்லை. ஆனாலும் தொலைபேசி என் கையில் இருந்தது. கமெராவை என் முகத்துக்கு நேரே பிடிப்பேன். மனைவி என் தோளுக்குப் பின்னால், திரையின் மூலையில் பாதி முகமாகத் தெரிவாள். பிரஷர், சீனி, நித்திரை எல்லாவற்றுக்கும் நானே விடை சொன்னேன். வகுப்பில் கேள்வி கேட்டே பழகிய வாத்தியாரான எனக்கு விடை சொல்வதும் பிடித்திருந்தது.

"ஐயா, பிரஷரும் சீனியும் உங்களுக்கோ அம்மாவுக்கோ?" என்று ஒருநாள் மருத்துவர் கேட்டார். சிரித்துவைத்தேன். உள்ளே எரிந்தது.

பேசி முடிந்ததும் மனைவி கையை நீட்டினாள். "இஞ்சாருங்கோ, அடுத்த முறை உந்தப் போனை என்னட்டைத் தாங்கோ. நான் தனியக் கதைக்கிறன்."

"உமக்கு உதிலை எதை அமத்திறதெண்டே தெரியாது. எனக்குத் தெரியாமல் அப்பிடி என்ன கதை?"

பிறகு அவள் கேட்கவில்லை.

சில மாதங்களின் பின் கரவெட்டியிலிருந்து வந்து நின்ற அவள் தங்கை, என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டாள்.

"அத்தான், அக்காவுக்குக் கனநாளாய் ரத்தம் போகுது. சீலை தோய்க்கேக்கை கண்டனான். இந்த வயசிலை உது வரக்கூடாது."

"டொக்டரிட்டைச் சொல்லியிருக்கலாமே."

"எப்பிடிச் சொல்லுறது? நீங்கள்தானே முன்னுக்குக் குந்திக்கொண்டிருந்தனீங்கள்."

கருப்பையில் புற்றுநோய். அறுவைச் சிகிச்சை செய்தவர், வேளைக்கு வந்திருந்தால் இலேசாக இருந்திருக்கும் என்றார்.

அவளுக்கென்று ஒரு தொலைபேசி வாங்கினேன். மன்னிப்பும் கேட்டேன். "இப்ப கேட்டென்ன" என்றாள். ஆனால் தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். அழைப்பை எடுக்கவும் படம் அனுப்பவும் காட்டிக்கொடுத்தேன். ஒரே பின்னேரத்தில் பழகிவிட்டாள். அவ்வளவுதான் அதில் இருந்தது.

இப்போது மருத்துவர் அழைக்கும்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஸ்கான் முடிவுகளும் அவளுடைய தொலைபேசிக்கே வருகின்றன. அதைத் திறக்க ஓர் இரகசிய எண் வைத்திருக்கிறாள். எண் வைப்பதை நான் காட்டிக்கொடுக்கவில்லை. டொக்டர் என்ன சொன்னவ என்று கேட்டால், "சாப்பிட வாங்கோ" என்கிறாள்.

போன கிழமை பொறுக்கமுடியாமல் நானே மருத்துவரை அழைத்தேன்.

"அம்மா உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டவ, ஐயா. நான் கதைக்க ஏலாது."

மகனிடம் கேட்டேன். "அம்மாட்டையே கேளுங்கோ, அப்பா" என்றான்.

நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். தங்கைக்கும் தெரியும். மனைவியோடு ஒரே வீட்டில் இருக்கும் எனக்குத் தெரியாது.