கம்ப்யூட்டர் எதிர்ப்பாளர்களின் மாலை வகுப்பு

எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர் எதிர்ப்புக் கோஷங்களை எழுதித் தந்தவன் நான்தான். மாட்டுங்காவில் காப்பி குடித்தபடியே அமெரிக்கச் சதியை அம்பலப்படுத்தும் திறமை எனக்கு உண்டு. அறுபதுகளின் பின்பாதி அது. எங்கள் செக்ஷன் மொத்தத்தையும் ஒரு மெஷின் விழுங்கிவிடும் என்று பேச்சு. மெஷினைத் திரும்பிப் போகச் சொல்லி "மஷீன் வாபஸ் ஜாவ்!" என்று நான் இந்தியில் எழுதியதை மத்தியான இடைவேளையில் எல்லோரும் வாசலில் நின்று கத்துவார்கள்.

"ரஷ்யாவிலேயும் கம்ப்யூட்டர் இருக்காமே?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டுவிட்டார். யூனியன் செயலாளர் அசரவில்லை. "அங்கே அது தொழிலாளிக்கு ஓய்வு கொடுக்கும். அமெரிக்க மெஷின்தான் வேலையைப் பறிக்கும்" என்றார். கை தட்டினோம். எங்களுக்கு உலக அரசியல் அத்துப்படி.

அதே வாரம் தாதரில் ஒரு கம்ப்யூட்டர் மாலை வகுப்பில் ரகசியமாகச் சேர்ந்தேன். மெஷினைக் கண்ணில் காட்டாமல் கரும்பலகையிலேயே பாடம் நடத்தினார்கள். உள்ளே நுழைந்தால் முன்வரிசையில் செயலாளர்!

"எதிரியோட ஆயுதத்தைத் தெரிஞ்சுக்க வேண்டாமா, ஓய்?" என்றார்.

நானும் அதற்காகவே வந்ததாகச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த மெஷினுக்குப் பூஜ்யமும் ஒன்றும்தான் தெரியும் என்றார் வாத்தியார். ஒரே சமயத்தில் ஆமாம் என்றும் இல்லை என்றும் அதனால் சொல்ல முடியாதாம். இந்த விஷயத்தில் நாங்கள் இரண்டு பேரும் அதைவிடக் கெட்டிக்காரர்கள்.

மெஷின் வருவது உறுதியானதும், அதில் வேலை பார்க்க விரும்புகிறவர்கள் பரீட்சைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சர்க்குலர் வந்தது. யாரும் விண்ணப்பிக்கக் கூடாது என்று யூனியன் தீர்மானம் போட்டது. வாசகம் என்னுடையது.

என் பக்கத்து மேஜைக்காரன் தாராவியிலிருந்து வருகிற திருநெல்வேலிக்காரன். செயற்கைக்கோள் ஏன் கீழே விழவில்லை என்று என்னைக் கேட்பான். நான் உளறியதைப் பொறுமையாகத் திருத்துவான். அந்த மெஷினுக்குப் பக்கத்தில் உட்காரத் தகுதியுள்ளவன் ஆபீசிலேயே அவன் ஒருவன்தான். பூர்த்தி செய்த விண்ணப்பத்தை என்னிடம் காட்டினான்.

"எழுதிட்டேன் அண்ணாச்சி. குடுக்கவா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க."

என் விண்ணப்பம் அன்று காலையே மேலே போய்விட்டிருந்தது. "தீர்மானம் போட்டாச்சேப்பா" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரியாத்தாம்லா இருக்கும்" என்று அதை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டான். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. பரீட்சைக்கு ஒரு போட்டி குறைந்த நிம்மதியும் கூடவே இருந்தது.

செயலாளரும் நானும் தேறினோம். மெஷின் ஓடத் தொடங்கிய அன்று, கண்ணாடி அறைக்குள் ஏ.சி. குளிரில் இருவரும் விறைப்பாக உட்கார்ந்திருந்தோம். வெளியே ஆர்ப்பாட்டம். கண்ணாடியைத் தாண்டி எதுவும் கேட்கவில்லை. ஆனால் முன்னால் நின்ற திருநெல்வேலிக்காரனுடைய வாயசைவைப் பார்த்தே எந்தக் கோஷம் என்று எனக்குத் தெரிந்தது.

இடைவேளையில் நான் வெளியே வந்ததும் நேரே என்னிடம் வந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"கோஷம் பழசாயிட்டு அண்ணாச்சி. புதுசா ஒண்ணு எழுதித் தாங்க."

பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தேன். நிமிர்வதற்குள் அவன் போய்விட்டிருந்தான்.