சம்பந்தியோடு மலை ஏறிய நாள்

ஓமந்தைச் சந்தியில் பஸ்சால் இறங்கியபோது விடிந்து அதிக நேரம் ஆகியிருக்கவில்லை. சம்பந்தி எனக்கு முன்பே வந்து மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி நின்றார். கையில் காட்டுக்கத்தி. தோளில் வாய் கட்டிய உரப்பை ஒன்று. என்னைக் கண்டதும் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பில் ஏதோ சரியில்லாத மாதிரி இருந்தது.

சம்பந்தி என்று சொல்வதுகூட அப்போது முழுக்கச் சரியில்லை. என்னுடைய மகளும் அவருடைய மகனும் கிளிநொச்சியில் ஒரே அலுவலகத்தில் வேலை செய்தார்கள். விரும்பினார்கள். கொஞ்சக் காலம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு இரண்டு வீட்டிலும் ஓம் என்று சொல்லிவிட்டோம். ஆனால் கலியாண நாள் மட்டும் குறிபடவில்லை. பிள்ளைகள் எங்கே இருப்பது என்பதில் வந்து நின்றது பேச்சு. என்னுடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து உருத்திரபுரத்தில் வாய்க்கால் காணி எடுத்தவர். எங்கள் ஆட்களில் வீடு பெண்ணுக்குத்தான்; மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். மகளுக்கென்று பக்கத்து வளவை நான் வேலி அடைத்து வைத்திருந்தேன். சம்பந்தியின் தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து, ஓமந்தைக்கு உள்ளே காடு வெட்டிக் கச்சான் கடலை போட்டவர்கள். அவருக்கு இருப்பது ஒரே மகன். அவரும் தன் வீட்டோடு ஒரு அறை இழுத்துக் கட்டியிருந்தார். இரண்டு தடவை கதைக்கவென்று கூடி இருந்தோம். இரண்டு தடவையும் தேத்தண்ணீர் ஆறியதுதான் மிச்சம்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் மகள் வந்து சொன்னாள்.

"அப்பா, மாமாவுக்கு ஓமந்தைக் காட்டுக்க இருக்கிற மலையில ஒரு நேர்த்திக்கடன் இருக்காம். நீங்களும் கூட வந்தால் நல்லது எண்டு ஆசைப்படுறார்."

"என்னை ஏன் கூப்பிடுறார்?"

"எனக்கென்ன தெரியும்? மறுத்தால் மனம் நோவார்."

முழங்கால் நோவோடு வயலுக்குப் போகாதேயுங்கோ என்று தினமும் சத்தம் போடுகிற என் மனைவி, குசினிக்குள் இருந்தே "போட்டு வாங்கோவன். சிறுபோகமும் இல்லை, சும்மாதானே இருக்கிறியள்" என்றாள். அந்த வருடம் சிறுபோகத்துக்கு எங்கள் பக்கம் தண்ணீர் விடவில்லை என்பது உண்மைதான்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் தமையனுக்குப் போனில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"தனியக் காட்டுக்க கூட்டிக்கொண்டு போய் என்ன கதைக்கப் போறாராம்? ஒண்டுக்கும் ஓம் எண்டு சொல்லிப் போடாதை. கையெழுத்தும் வைச்சிடாதை."

மலை உச்சியில் என்ன கையெழுத்து என்று நினைத்தேன். என்றாலும் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் பேனையை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டுத்தான் புறப்பட்டேன்.

குளக்கட்டு ஓரத்தில் இருந்த கடைசி வீட்டில் மோட்டார் சைக்கிளை விட்டோம். அந்த வீட்டுக்காரர் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டு நின்றார். எங்கள் இரண்டு பேரையும், பிறகு சம்பந்தியின் உரப்பையையும், பிறகு என் தோள் பையையும் பார்த்தார்.

"மலைக்கோ? புதையலோ?"

"சே, சாமி கும்பிட" என்றார் சம்பந்தி, கொஞ்சம் அவசரமாக.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லிப்போட்டுப் போறவை" என்று அவர் வாய் கொப்பளித்துத் துப்பினார். நாங்கள் காட்டுக்குள் இறங்கும்வரை அவர் கண் எங்கள் முதுகில் இருந்தது.

அதன் பிறகு என் கண் அந்த உரப்பையை விட்டு நகரவில்லை. நடக்கும்போது உள்ளே கனமாக, உருண்டையாக ஏதோ ஒன்று அவர் முதுகில் இடித்துக்கொண்டிருந்தது. "தாங்கோ, நான் கொஞ்சத் தூரம் தூக்கிறன்" என்று கேட்டுப் பார்த்தேன். "வேணாம் அண்ணை, பாரமில்லை" என்று மற்றத் தோளுக்கு மாற்றினார். சிறிது நேரத்தில் அவர் என் பையைக் கேட்டார். நானும் கொடுக்கவில்லை.

மாட்டுப் பாதை ஒரு வெட்டைவெளியோடு முடிந்துபோனது. அதற்கு அப்பால் பாதை என்று ஒன்றும் இல்லை. சூரை முள்ளும் காரைப் பற்றையும் இடுப்பளவுக்கு, சில இடங்களில் தலைக்கு மேலும் நின்றன. தெருவிலிருந்து பார்த்தபோது தெளிவாகத் தெரிந்த மலை, கிட்டப் போகப் போக மரங்களுக்குள் ஒளித்துவிட்டது. சம்பந்தி முன்னால் போய்க் கத்தியால் தட்டித் தட்டி விலக்கினார். ஒவ்வொரு இடைவெளியிலும் நின்று இடம் பார்த்தார், வலம் பார்த்தார். நேர்த்தி வைத்தவருக்கு வழி தெரியாமல் இருக்குமா?

"முந்தி வந்த வழி இதுதானோ?" என்று கேட்டேன்.

"மலை எங்க போகப் போகுது அண்ணை, மேட்டுப் பக்கம் போனாச் சரிதானே" என்றார்.

அது நான் கேட்டதற்குப் பதில் இல்லை. கொஞ்சத் தூரம் போனபின் அவர் திரும்பாமலே கேட்டார்.

"நீங்கள் இந்த மலையைப் பத்தி ஆரிட்டக் கேள்விப்பட்டீங்கள்?"

எவ்வளவு தெரியும் என்று என்னை நோட்டம் பார்க்கிறார் என்று நினைத்தேன். "ஊருக்க கதைக்கிறவைதானே" என்று விட்டுவிட்டேன். அவர் "ம்" என்றார். அந்த "ம்" எனக்கு நெடுநேரம் காதில் நின்றது.

பாலைப்பழக் காலம். வழியில் ஓரிடத்தில் பழக்கொட்டையும் தோலுமாகக் கறுப்பாய் ஒரு கும்பி கிடந்தது. கரடியின் எச்சம். சம்பந்தி குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அதைத் தாண்டிப் போனார். பழசு என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

பற்றை முடிந்து பாறை தொடங்கியபோது வெயில் ஏறிவிட்டது. பிடிக்க ஒன்றும் இல்லாத சரிவு. கைவைத்தால் சுட்டது. என் காலில் கிடந்தது செருப்பு. அவர் சப்பாத்துப் போட்டு வந்திருந்தார். மேலே ஏறி நின்றுகொண்டு கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்தால் ஏதோ ஒன்றுக்கு உடன்பட்டது மாதிரி ஆகிவிடும் என்று ஒரு மூளைகெட்ட எண்ணம். பக்கத்தில் பாறை வெடிப்பில் நின்ற செடியைப் பிடித்தேன். அது வேரோடு வந்தது. நான் வயிறு உரசச் சறுக்கிக்கொண்டு கீழே போய் ஒரு கல்லில் முட்டி நின்றேன். சட்டை கிழிந்து, முழங்கையில் இரத்தம். இரண்டாம் முறை அவர் கையைப் பிடித்தேன். நானும் மண்வெட்டி பிடித்து வளர்ந்தவன்தான். ஆனால் அவருடைய உள்ளங்கை என்னுடையதைவிடக் காய்த்துப் போயிருந்தது.

மேலே ஒரு சின்ன நிழலில் மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தோம். அவர் என்னையே பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"அண்ணை, ஒண்டு கேக்கலாமோ?"

வந்துவிட்டது என்று நினைத்தேன். இனி வளவுக் கதை வரும், மகனின் கதை வரும். களைத்து, இரத்தம் வழிய, தனியாக இருக்கும்போது பார்த்துக் கேட்கிறார். தமையன் சொன்னதை நினைத்து நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டேன்.

"கேளுங்கோ."

"உங்களிட்டத் தண்ணி எவ்வளவு மிச்சம் இருக்கு?"

அரைப் போத்தல் இருந்தது. அவருடையது முடிந்திருந்தது. பகிர்ந்து குடித்தோம். அதன் பிறகும் எனக்குச் சந்தேகம்தான், கேட்க வந்தது தண்ணீரைத்தானா என்று.

உச்சி வெறும் பாறை. இரண்டு முறுகிய மரங்கள், வற்றிச் சேறாய்க் கிடந்த ஒரு சுனை, அதற்குப் பக்கத்தில் யாரோ எப்போதோ தோண்டிவிட்டுப் போன ஒரு குழி. சருகு நிரம்பிக் கிடந்தது. வேலும் இல்லை, சூலமும் இல்லை, பொட்டு வைத்த ஒரு கல்கூட இல்லை. கீழே காடு, காட்டுக்குள் துண்டு துண்டாகக் குளங்கள், தூரத்தில் கண்டி வீதியில் ஊர்ந்து போகும் வாகனங்கள். நான் அந்தக் குழியைப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன். அவரும் குழியைப் பார்த்துவிட்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி அண்ணை, நீங்கள் தொடங்குங்கோ" என்றார்.

"என்னத்தை?"

"உங்கட நேர்த்தியை."

"என்ர நேர்த்தியோ? நேர்த்தி உங்களுக்கெல்லோ?"

அவர் உரப்பையின் கட்டை அவிழ்த்தார். ஒரு தேங்காய். கற்பூரம், வெற்றிலை, நசிந்துபோன கதலிப் பழங்கள், மடித்த ஒரு வெள்ளை வேட்டி. "நீங்க ஏதும் மறந்திருந்தா எண்டு கொண்டு வந்தனான்" என்றார். நானும் என் பையைத் திறந்தேன். ஒரு தேங்காய். கற்பூரம், வெற்றிலை, ஊதுபத்தி. எல்லாம் அவருக்காக என் மனைவி கட்டித் தந்தது.

இரண்டு தேங்காயையும் பாறையில் வைத்துவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"மகன்தான். மாமா அந்த மலைக்கு நேர்த்தி வச்சிருக்காரு, வழி தெரியாது, நீங்க கூட்டிட்டுப் போகலேன்னா குறையா நினைப்பாருன்னான்." பதற்றத்தில் அவருடைய பேச்சு மாறிவிட்டது. சின்ன வயதில் தாயிடம் கேட்ட பேச்சு அதுவாக இருக்க வேண்டும். "எனக்கும் வழி தெரியாதுங்க. நான் இங்க வந்ததே இல்ல. நீங்க என்னத்துக்கு என்னைய இவ்வளவு தூரம் இழுக்கிறீங்கன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

"நான் உங்களை இழுக்கிறனோ!"

அன்றைக்கு அந்தப் பாறையில் நாங்கள் இருவரும் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அடுத்த கேள்வி வந்துவிட்டது. எங்களை ஒரு நாள் முழுக்க வீட்டை விட்டு எடுக்க வேண்டிய தேவை என்ன?

உச்சியில் போன் நன்றாக எடுத்தது. நான் மனைவிக்கு அடித்தேன். அவள் எடுத்தாள்.

"எங்க நிக்கிறாய்?"

"வீட்டிலதான். வேற எங்க?"

அவளுக்குப் பின்னால் தனியார் பஸ்சின் ஹோர்ன், மூன்று குரலில் இழுத்து இழுத்து அடிக்கிற ஹோர்ன், காதைக் கிழித்தது. எங்கள் வீட்டு ஒழுங்கையில் சைக்கிளும் லான்ட்மாஸ்ரர் உழவு மெசினும் தவிர வேறொன்றும் வராது. நான் அடுத்த சொல் சொல்ல முதல் போன் வெட்டுப்பட்டது. சம்பந்தி தன் மனைவிக்கு அடித்தார். போன் நிற்பாட்டிக் கிடந்தது. மகன் எடுக்கவில்லை. என் மகளும் எடுக்கவில்லை.

"இறங்குவம்" என்றார் அவர். தேங்காய் உடைக்க மறந்துபோய் இறங்கினோம்.

அவசரத்தில் வந்த பக்கம் விட்டு வேறு பக்கத்தால் இறங்கிவிட்டோம். அது ஒரு கல் ஓடை. அடியில் முள்ளு மூடிக் கிடந்தது. கத்தி போகாத இடங்களில் குந்தியும் தவழ்ந்தும் போனோம். ஓடை முடிகிற இடத்தில் பெரிய பாலை மரம் ஒன்று. அதன் கீழே கறுப்பாய் ஒன்று குனிந்து நின்று பழம் பொறுக்கியது.

"ஓடாதேங்க" என்று காதுக்குள் சொன்னார்.

கரடி நிமிர்ந்தது. பின்னங்காலில் எழும்பி நின்று மூக்கை ஆட்டியது. நெஞ்சில் வெள்ளைக் கோடு தெரிந்தது. சம்பந்தி எனக்குப் பின்னால் நின்று என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அது முன்கால்களை ஊன்றி, எங்களைப் பொருட்படுத்தாத மாதிரிப் பற்றைக்குள் போய்விட்டது. நான் ஓடிவிடாமல் இருக்கத்தான் பிடித்ததாகப் பின்னர் சொன்னார். என்னை முன்னுக்கு நிறுத்தி வைக்கப் பிடித்தாரோ என்று எனக்கு இன்றைக்கும் ஒரு யோசனை உண்டு.

அவருடைய வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. வாசலில் என் மனைவியின் செருப்பு கிடந்தது.

உள்ளே இரண்டு பெண்களும் அடுத்தடுத்த கதிரைகளில் இருந்தார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் சுவரோடு நின்றார்கள். எங்கள் கிழிந்த சட்டைகளைப் பார்த்ததும் என் மகள் வாயைப் பொத்தினாள்.

"வீட்டில நிக்கிறன் எண்டெல்லோ சொன்னனீ?" என்று மனைவியைக் கேட்டேன்.

"வீடு பார்க்கத்தான் நிண்டனாங்கள்" என்றாள் அவள், கொஞ்சமும் பதறாமல். "மாங்குளத்தில. இவையும் வந்தவை, நாங்களும் போனனாங்கள். பிள்ளையளுக்கு வாடகைக்கு ஒரு வீடு. உங்களுக்கும் நடு, இவைக்கும் நடு. வேலைக்கு பஸ்சில போய் வரலாம்."

"நாளும் பார்த்தாச்சு" என்றார் சம்பந்தியின் மனைவி, மெல்லிய குரலில். "ஆவணியில."

"எங்களைக் கேக்காமலோ?" இதைச் சம்பந்தியும் நானும் சேர்ந்தே சொன்னோம்.

"கேட்டிருந்தால்?" என்றாள் என் மனைவி.

சம்பந்தியின் மனைவி எழும்பிப் போய் இரண்டு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். கோபமாக இருக்க வேண்டும் என்று பார்த்தேன். ஆனால் அந்தத் தண்ணீரை மிச்சம் வைக்க முடியவில்லை. மகள் முழங்கைக்கு மருந்து போட வந்தாள். கையை இழுக்கவில்லை, அவள் முகத்தையும் பார்க்கவில்லை. அன்றிரவு அங்கேதான் சாப்பிட்டோம். நான் அந்த வீட்டில் முதன்முதலாகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

போகும்போது சம்பந்தி பஸ் எடுக்கும் இடம்வரை கூட வந்தார். என் மனைவியும் மகளும் கொஞ்சம் முன்னால் நடக்கும்வரை பார்த்திருந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, அந்த வீட்டைப் பத்தி எனக்கு ஒரு மாதிரித்தான் இருக்கு. பொம்பிளையள் ரெண்டு பேரும் குசினியை மட்டும் பாத்துட்டு வந்திருப்பினம். கிணத்துத் தண்ணி எப்பிடியோ, கூரை எப்பிடியோ?"

"எனக்கும் அதே யோசினைதான்" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் வடக்கிலிருந்தும் அவர் தெற்கிலிருந்தும் வந்து மாங்குளத்தில் இறங்கினோம். ஒருவருக்கும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் திறப்போடு வந்தார். சம்பந்தி வாளியை விட்டு அள்ளித் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்து, உப்பில்லை என்று தலையாட்டினார். நான் ஓட்டுக்குக் கீழே சிலாகைகளைத் தட்டினேன், கறையான் இருக்கிறதா என்று. பின்கதவு நாதாங்கியை இரண்டு பேரும் மாறி மாறிப் போட்டுப் பார்த்தோம். வீட்டுக்காரர் எங்கள் பின்னால் அறைக்கு அறை வந்தார்.

"அண்டைக்கு ரெண்டு அம்மாமார் வந்து பிடிச்சிருக்கு எண்டவை. நீங்கள் ஆர்?" என்று கடைசியில் கேட்டார்.

"சம்பந்திமார்" என்றார் அவர், என்னை முந்திக்கொண்டு. நான் மறுக்கவில்லை. குளியலறைச் சுவரில் ஈரம் ஊறியிருந்த ஓரிடத்தை அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.