சும்மா கிடக்க வேண்டிய பணம்

1. ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் எனக்கு முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்தது.
2. சென்னையில் விசா நேர்காணலுக்குத் தேதி கிடைத்தது.
3. ஏரல் பக்கம் இருந்த நிலத்தை விற்று அப்பா பணம் சேர்த்தார்.
4. அந்தப் பணம் மிளகாய் வத்தலாக மாறியது.
5. வத்தல் கன்டெய்னரில் ஏறியது. கன்டெய்னர் கப்பலில் ஏறவில்லை.
6. நேர்காணல் தேதி கடந்து போனது.
7. பணம் திரும்பி வந்தது.

இப்படி வரிசையாக எழுதிப் பார்த்தால் எந்த வரியிலும் யாரும் யாருக்கும் கெடுதல் செய்ததாகத் தெரியவில்லை. கோபப்படுவதற்கு ஓர் இடம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

நான் மின்பொறியியல் படித்தவள். தூத்துக்குடி துறைமுகத்தில் குளிரூட்டிய கன்டெய்னர்களைக் கவனிக்கும் வேலை பார்க்கிறேன். உள்ளே இறாலும் கணவாயும் கல்லாக உறைந்திருக்கும். வெளியே யார்டில் வெயில் தரையிலிருந்து எழும்பி முகத்தில் அடிக்கும். மின்சாரம் போகிறதா, உள்ளே வெப்பம் ஏறாமல் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொண்டே நடக்க வேண்டும். இந்த வேலையை விட்டுவிட்டுக் காற்றாலை, சூரிய மின்சாரம் சார்ந்து மேலே படிக்க வேண்டும் என்பது கல்லூரி முடித்ததிலிருந்தே இருந்த ஆசை.

எந்த நாடு என்பதை நான் ஆசையால் முடிவு செய்யவில்லை. கல்விக் கட்டணம், வாடகை, படிக்கும்போது வேலை செய்ய அனுமதி, முதலில் காட்ட வேண்டிய பணம் என்று தலைப்புப் போட்டு நாடுகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். ஆஸ்திரேலியா முதலில் போனது. அயர்லாந்து வாடகையால் போனது. நகரத்தில் இருந்த கன்சல்டன்சி பெண் பரிந்துரைத்த நாடுகள் எல்லாம் கட்டணம் கூடியவை. ஜெர்மனி என்று நான் சொன்னதும் அங்கே பாஷை கஷ்டம் என்று சிரித்து முடித்துவிட்டாள். கடைசியில் மிஞ்சியது ஜெர்மனி. அதிலும் கிழக்குப் பகுதி. கட்டணம் இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு; மேற்கே இருக்கிற பெரிய நகரங்களைவிட வாடகையும் குறைவு.

அப்பா மொத்த வியாபாரி. விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்து விவசாயிகளிடம் வத்தல் வாங்கி, கிட்டங்கியில் அடுக்கி, விலை பார்த்து விற்பவர். நான் தேர்ந்த ஊரைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி, அங்கன நம்ம ஆள் யாராவது கடை போட்டிருக்கிறானா என்பதுதான். இல்லை என்றேன்.

"பொறவு எப்படி அந்த ஊரு மலிவுன்னு சொல்லுத?"

கடைக்காரன் ஒருவன் வாயால் சொல்லாத விலையை அவர் விலையாகவே எடுத்துக்கொள்வதில்லை. நான் செல்போனில் அந்த ஊர்ச் சூப்பர் மார்க்கெட்டின் பட்டியலைக் காட்டினேன். அரிசி, உருளைக்கிழங்கு, முட்டை என்று வரிசையாகப் பார்த்தார். வெங்காயத்தில் நின்று, பரவாயில்லையே என்றார். அதுதான் சம்மதம்.

வங்கிக் கடன் எங்களுக்குச் சரிப்படவில்லை. வீட்டுப் பத்திரமும் கடைப் பத்திரமும் வியாபாரக் கடனுக்காக ஏற்கெனவே வங்கியில் இருந்தன. அதனால் நிலம் விற்பதாக முடிவானது. யாரும் விதைக்காமல் உடைமுள் படர்ந்து கிடந்த நிலம். அப்பா தயங்கவே இல்லை.

அவர் தயங்கியது வேறு இடத்தில். கட்டணம் வாங்காத அந்த நாடு ஒன்றே ஒன்றைக் கேட்டது. ஒரு வருடச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் ஆகிற பணத்தை முன்கூட்டியே ஒரு முடக்கக் கணக்கில் போட்டு, அதற்கான சான்றை விசா நேர்காணலில் காட்ட வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு மாதாமாதம் அதிலிருந்து ஒரு பங்கு கிடைக்கும். இதை விளக்கியபோது அப்பா, நம்ம பணத்த நமக்கே அளந்து ஊத்துவானாக்கும் என்றார். அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை.

"அது வரைக்கும் அந்தப் பணம் என்ன செய்யும்?"

"சும்மா இருக்கும்ப்பா."

எங்கள் கடைத்தெருவில் பணம் சும்மா இருப்பது, வளர்ந்த பிள்ளை வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் போன்றது. வெளியே சொல்லமாட்டார்கள்; பார்க்கும்போதெல்லாம் உறுத்தும். காலையில் வந்த பணம் சாயங்காலத்துக்குள் சரக்காக வேண்டும், சரக்கு மறுபடி பணமாக வேண்டும். அதற்குச் சுற்று என்று பெயர். அந்தச் சுற்றில்தான் நான் படித்தேன், வீடு மாடி ஏறியது, அம்மாவின் கண் ஆபரேஷன் நடந்தது.

நிலப் பணம் அப்பாவின் கணக்குக்கு வந்தபோது, முடக்கக் கணக்கு திறப்பதற்கான என் ஆவணச் சரிபார்ப்பு முடிந்திருக்கவில்லை. அதுவரை பணம் உங்களிடமே இருக்கட்டும் என்றேன். எந்த நாளுக்குள் அனுப்பினால் போதும் என்று கேட்டார். சொன்னேன். எந்தக் கணக்கிலும் தேவைக்குமேல் கொஞ்சம் இடம் விட்டு வைப்பது எங்கள் படிப்பின் பழக்கம். அந்தத் தேதிகளுக்கு நடுவிலும் நான் தாராளமாக இடம் விட்டிருந்தேன். நான் பாதுகாப்புக்கு என்று விட்ட இடத்தில் அப்பா ஒரு சுற்றைப் பார்த்தார்.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். பினாங்கு வியாபாரி ஒருவர் வத்தல் கேட்டிருக்கிறார். நல்ல விலை. கன்டெய்னரில் ஏற்றியாயிற்று. அந்த வாரம் கப்பல். சரக்கு கப்பலில் ஏறியதும் கப்பல் கம்பெனி ஒரு ரசீது தரும். அதை வங்கியில் கொடுத்தால் பணம் வந்துவிடும்.

எந்தப் பணத்தில் வாங்கினீர்கள் என்று நான் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே அவரே சொன்னார்.

"சும்மாதான கெடக்கப் போகுது. ஒரு சுத்து சுத்திட்டு வந்துரும்ளா. உனக்குச் செலவுக்குக் கொஞ்சம் கூடக் கெடைக்கும்லா."

அவர் முகத்தில் இருந்தது குற்ற உணர்ச்சி இல்லை. மகளுக்கு ஏதோ வாங்கி வந்து மறைத்து வைத்திருப்பவரின் முகம் அது. நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சரி என்றேன். வேறு என்ன சொல்வது? சரக்கு பெட்டிக்குள் போய் சீல் வைத்தாயிற்று.

அந்த வாரக் கப்பல் வரவில்லை. எங்கேயோ நடக்கிற சண்டையால் கப்பல்கள் சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்த காலம். தாமதத்தைச் சரிக்கட்ட ஏதாவது ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டுப் போவார்கள். இந்த முறை விடப்பட்டது தூத்துக்குடி. அடுத்த கப்பல் வந்தது; அதில் இடம் இல்லை.

இதையெல்லாம் அப்பாவுக்கு முன்னால் நான் தெரிந்துகொண்டேன். வேலையிடத்துக் கணினியில் யார்டில் நிற்கும் எல்லாப் பெட்டிகளும் தெரியும். வேலைக்கு வந்ததும் குளிர்ப் பெட்டிகளின் வெப்பநிலையைப் பார்ப்பேன். பிறகு அப்பாவின் பெட்டி. எந்த வரிசை, எத்தனையாவது அடுக்கு என்பதெல்லாம் காட்டும். கப்பல் என்ற இடம் காலியாக இருக்கும். எனக்குத் தரப்பட்டிருந்தது பார்க்கும் அனுமதி மட்டும்.

ஒரு தடவை நடந்துபோய் நேரிலும் பார்த்தேன். செங்கல் நிறத்தில், மற்ற பெட்டிகளுக்கு நடுவில் ஒன்றாக நின்றது. கப்பலில் எதை ஏற்றுவது என்று திட்டமிடும் பிரிவில் என்னோடு வேலை செய்கிற ஒருவரிடம் விசாரித்தேன். அப்பாவுடைய பெட்டி என்று கேட்டதும் அவருக்குச் சிரிப்பு.

"கப்பலக் கூட்டிட்டு வாங்க மேடம். ஏத்துறது என் பொறுப்பு."

வீட்டில் அம்மாதான் வாய் திறந்து சொன்னாள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, அடுப்படியில் இருந்தபடி, யாரிடமோ பேசுவதுபோல.

"பேங்க்ல சும்மா நிக்க வேண்டிய பணம் ஹார்பர்ல சும்மா நிக்கி. அங்கன நின்னா ஆகாது, இங்கன நின்னா ஆகும் போல."

அப்பா கடைக்குக் கிளம்பினார். அன்றைக்குக் கடைத்தெருவில் கைமாற்று கேட்கத் தொடங்கினார். சில நாள் தேவைக்கு எழுத்து இல்லாமல் வாய்ச்சொல்லில் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வது அங்கே வழக்கம்தான். ஆனால் வத்தல் காலத்தில் எல்லோருடைய பணமும் சுற்றில் இருந்தது. பக்கத்துக் கடை அண்ணாச்சி மட்டும் தன்னிடம் இருந்ததைக் கொடுத்தார். போதவில்லை. ஒரு கடையில், மகளைச் சீமைக்கு அனுப்புகிறவர் நம்மிடம் கேட்கிறாரே என்று கேலி செய்தார்களாம். அப்பா இதைச் சொல்லவில்லை. அண்ணாச்சி அம்மாவிடம் சொல்லி, அம்மா என்னிடம் சொன்னாள்.

விசா தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று பார்த்தேன். இருப்பதை ரத்து செய்துவிட்டுப் புதிதாகத் தேட வேண்டும். வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் காலியாக எந்தத் தேதியும் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டேன். இடத்தை அடுத்த வருடத்துக்கு வைத்திருக்க முடியாது, மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று மரியாதையாகப் பதில் வந்தது.

நேர்காணலுக்கு முந்தின நாள் காலையில் கணினியில் பெட்டியைப் பார்த்தேன். அதே வரிசை. பணம் இல்லாமல் சென்னைக்குப் போய்க் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. மத்தியான இடைவேளையில் யார்டு நிழலில் உட்கார்ந்து தேதியை ரத்து செய்தேன். காத்திருக்கும் வேறு யாருக்காவது அது கிடைக்கும் அல்லவா. உறுதியாகத்தான் சொல்கிறீர்களா என்று திரை இரண்டாவது முறை கேட்டது. ஆம் என்று தொட்டேன். பிறகு எழுந்து போய் இறால் பெட்டிகளின் வெப்பநிலையைக் குறித்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

அப்பாவிடம் சொன்னபோது, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேளா என்று முதலில் சொன்னார். கேட்டிருந்தால் என்ன செய்திருப்பார் என்று அவருக்கே தெரியவில்லை. சட்டையைக் கழற்றப்போனவர் மறுபடி பொத்தானைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

அதன்பின் கப்பல் வந்தது. என் வேலை நேரத்தில்தான் ஏற்றினார்கள். கிரேன் ஒரு செங்கல் நிறப் பெட்டியைத் தூக்கியபோது அது அப்பாவுடையதா என்று எனக்குத் தெரியவில்லை. கணினிக்கு வந்து பார்த்தபோது, காலியாக இருந்த இடத்தில் கப்பலின் பெயர் இருந்தது.

பணம் லாபத்தோடு வந்தது. அண்ணாச்சியின் கைமாற்றை அப்பா அன்றே திருப்பிக் கொடுத்தார். என் படிப்புப் பணத்தை லாபத்தோடு என் கணக்குக்கே மாற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். லாபம் எவ்வளவு என்று சொல்லத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். வழக்கமாக அந்தத் தொகையைச் சொல்லும்போது அவர் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"இனி தொடமாட்டேன்ளா."

"சரிப்பா."

அவர் என்னைக் கெடுக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே வழியில் என் பணத்தைப் பெருக்கினார், பெருகவும் செய்தது.

இப்போதைய நிலை இது. அதே ஊருக்கு, அதே படிப்புக்கு மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன். முடிவு வரவில்லை. யூரோவுக்கு எதிராக ரூபாயின் மதிப்பு இறங்கியதில் வத்தல் லாபம் கரைந்துவிட்டது. இடம் உறுதியாகாமல் முடக்கக் கணக்கில் போட்டுத் திரும்ப எடுத்தால் அதற்கும் செலவு என்பதால், பணம் என் பெயரில் உள்ளூர் வங்கியில் கிடக்கிறது. துறைமுக வேலை தொடர்கிறது. இந்த வருட வத்தல் கிட்டங்கிக்கு வரத் தொடங்கிவிட்டது. அப்பா விலையைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.