எடுக்காத போனின் நாதஸ்வரம்

கச்சேரியில் சுதி சேர்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணை மூடித் தலையாட்டி, "ஆகா, என்ன ராகம்!" என்றவன் நான். பக்கத்து நாற்காலிக்காரர் நாகரிகமாக இருமினார். அப்படிப்பட்ட ஆளைத்தான் புதுக்கோட்டையில் ஓர் இலக்கியக் கூட்டத்துக்கு, இசையின் பொருள் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். ராகம் தெரியாதவனுக்கு உவமைதான் கதி. வீணை என்றால் நனைந்த வெளிச்சம், புல்லாங்குழல் என்றால் காற்றின் தனிமை, நாதஸ்வரம் என்றால் மண்ணின் மூச்சு. நாற்பது நிமிடம் அளந்தேன். கைதட்டிப் பொன்னாடையும் போர்த்தினார்கள்.

மறுநாள் காலை ஜெகதாப்பட்டினத்திலிருந்து தங்கை போன் செய்தாள். அவள் வீட்டுக்காரர் விசைப்படகு டிரைவர். முதல் நாள் கடலுக்குப் போன படகுகளில் மூன்றை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டதாம். எந்தெந்தப் படகு என்று யாருக்கும் தெரியவில்லை. பஸ் ஏறிப் போனேன்.

வாசற்படியில் உட்கார்ந்து அவர் நம்பரையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல், அவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சலிக்காமல் சொன்னது.

"இவ ஒருத்தி, சொன்னதையே சொல்லிக்கிட்டு" என்று திட்டினாள் தங்கை.

"சாப்பிட்டியா?" என்றேன். என் கையிருப்பில் இருந்த ஆறுதல் அவ்வளவுதான்.

பதினொரு மணி வாக்கில் அந்தக் குரல் போய் நாதஸ்வரம் கேட்டது. அவருடைய காலர் டியூன். தங்கை எழுந்து நின்றுவிட்டாள். நானும். வாசித்து முடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். மறுபடியும் நாதஸ்வரம் மட்டும்.

"பாட்டு கேக்குதுண்ணே. அப்ப கரைப்பக்கம் வந்துட்டாகன்னுதானே அர்த்தம்?"

வந்திருக்கலாம். போன் வேறு யார் கையிலாவதும் இருக்கலாம். இரண்டுக்கும் அது ஒரே மாதிரிதான் வாசிக்கும்.

"சொல்லுண்ணே. நேத்து பாட்டுக்கெல்லாம் அர்த்தம் சொன்னியாமே, அண்ணி சொன்னாக."

மண்ணின் மூச்சு என்று சொல்ல வாய் வரவில்லை. "இன்னொரு தடவ போடும்மா" என்றேன்.

போட்டாள். எத்தனை தடவை என்று நினைவில்லை. அந்தக் குழலுக்குள் புகுந்து ஆள் இருக்கிறாரா என்று பார்க்க முடிந்தால் பார்த்திருப்பேன். ஒரு தடவை பாட்டு பாதியில் அறுந்தது.

"ஏய், படகக் கரையில அணைக்கையில சும்மா சும்மா அடிச்சா எப்புடி எடுக்கிறது?"

அவர் குரல்தான். தங்கை போனை என் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள். இசை நின்றதற்காக ஒருத்தி அப்படி அழுததை நான் எந்தக் கச்சேரியிலும் கண்டதில்லை.

மதியம் அவர் வந்து சாப்பிட உட்கார்ந்ததும், அடுத்த கூட்டத்துக்கு ஆகுமே என்ற நப்பாசையில் கேட்டேன். "எத்தனையோ பாட்டு இருக்கையில, நாதஸ்வரத்த எதுக்கு மாப்ள வச்சீங்க?"

"நான் எங்க மச்சான் வச்சேன்? எதையோ அமுக்கப்போயி அதுவா ஒட்டிக்கிச்சு. அத எடுக்கத் தெரியுமா ஒங்களுக்கு?"